கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி: தமிழ்நாட்டுக் கணக்கு இங்கு மட்டும் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி – திருப்பூரிலிருந்து வந்தவன்

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் திருப்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. இனி இங்கேயே இருப்பது என்று முடிவானதால் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியையும் மாற்றிக்கொண்டேன். வாக்கு இங்கே வந்துவிட்டது, ஆனால் இந்தத் தொகுதி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊரில் தேர்தல் பேச்சு என்றால் உதயசூரியனா, இரட்டை இலையா என்பதிலிருந்துதான் தொடங்கும். மற்ற கட்சிகள் அந்த இரண்டில் எதன் தோளில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்பது அடுத்த பேச்சு. இங்கே வடசேரியில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடையிலோ பேச்சே காங்கிரசா, பாரதிய ஜனதாவா என்று தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் காமராசரை ‘அப்பச்சி’ என்று, நேற்றுவரை உயிரோடு இருந்தவரைச் சொல்வதைப் போலச் சொல்கிறார். இன்னொருவர் மார்க்சிஸ்ட் கட்சி இங்கிருந்து டெல்லிக்குப் போனதை நினைவூட்டுகிறார். 2014இல் அதிமுக 39இல் 37 இடங்களை வென்றபோது கைநழுவிய இரண்டில் ஒன்று இது என்பதும் நினைவிருக்கிறது.

இந்தத் தொகுதி இதுவரை யாரை அனுப்பியிருக்கிறது, ஏன் மாநிலத்தின் போக்கிலிருந்து விலகி நிற்கிறது என்பதை இந்த மண்ணின் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும். எந்தக் கட்சிக்கு வாக்களிக்கலாம் என்று நான் கேட்கவில்லை. நான் எங்கே வாக்களிக்கிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1 – விளவங்கோட்டு ஆசிரியர்

நல்ல கேள்வி. இவ்வூருக்குப் புதிதாக வரும் பலர் இதைக் கேட்பதில்லை. தங்கள் ஊர்க் கணக்கையே இங்கும் போட்டுப் பார்த்து, விடை வராதபோது ‘இது சாதி மதம் பார்க்கும் ஊர்’ என்று முடித்துவிடுகிறார்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி செய்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லை. இன்றைய கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி, தமிழ்நாட்டின் 39ஆவது, அதாவது கடைசித் தொகுதி. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். மாநிலத்தின் 234ஆவது சட்டமன்றத் தொகுதி கிள்ளியூர்தான். மறுவரையறைக்குப் பிறகு 2009 தேர்தலில்தான் இந்தப் பெயர் வந்தது; அதுவரை இது நாகர்கோவில் மக்களவைத் தொகுதி. அப்போது திருவட்டாறு என்றொரு சட்டமன்றத் தொகுதி இதில் இருந்தது, கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதியோ திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் கிடந்தது. மறுவரையறையில் திருவட்டாறு மறைந்தது, கன்னியாகுமரி உள்ளே வந்தது. எனவே இன்று மாவட்டமும் தொகுதியும் ஒன்றே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1951–52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாங்கள் சென்னை மாநிலத்திலேயே இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. அந்தத் தேர்தலில் நாகர்கோவிலில் வென்ற மார்ஷல் நேசமணி, காங்கிரஸ் வேட்பாளர் அல்லர். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் அவர். 1954இல் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி 12 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் காங்கிரசோடு கலந்தது.

என் கருத்தில் இந்தத் தொகுதியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிற மாவட்டங்களில் தமிழுணர்வு என்பது காங்கிரசை எதிர்த்து வளர்ந்த உணர்வு; அந்த உணர்வின் பலனைத் திமுக அறுவடை செய்தது. எங்களுக்கோ மொழிப்போர் என்பது திருவனந்தபுரத்தை எதிர்த்து நடந்தது. அதை நடத்தியவர்களே பிறகு காங்கிரஸ்காரர்கள் ஆகிவிட்டார்கள். தமிழுக்காகக் குண்டடிபட்ட வீடுகள் இங்கே காங்கிரஸ் வீடுகளாகவே இருந்தன. திராவிட இயக்கம் இங்கே வந்து விற்கக்கூடிய சரக்கை நேசமணி ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்து முடித்திருந்தார் என்று என் தந்தையார் சொல்வதுண்டு. மாவட்டத்துப் பேருந்துக் கழகத்துக்கே ஒரு காலத்தில் நேசமணி பெயர்தான். இன்றும் என் வயதினர் சிலர் ‘நேசமணி வண்டி வந்தாச்சா?’ என்று கேட்பார்கள்.

1957இல் காங்கிரசின் தாணுலிங்க நாடார் வென்றார். 1962, 1967 இரண்டிலும் காங்கிரஸ் வேட்பாளராக நேசமணி வென்றார். 1967ஐ நன்றாகக் கவனியுங்கள். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் சரிந்து, 39 மக்களவை இடங்களில் மூன்றே மூன்று அதற்கு எஞ்சியபோது, அந்த மூன்றில் ஒன்று நாகர்கோவில். அதே ஆண்டில்தான் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

1968இல் நேசமணி காலமானார். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராசர் இங்கே நின்றார். அவரை வீழ்த்த ஆளுங்கட்சியாக இருந்த திமுக முழுமூச்சாக வேலை செய்தது. முடிவில் அவர் பெற்றது 1,28,201 வாக்கு வித்தியாசம். சொந்த ஊர் கைவிட்டவரை நாங்கள் தூக்கி நிறுத்தினோம் என்ற பெருமிதம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் தேநீர்க்கடைப் பெரியவர் ‘அப்பச்சி’ என்பது அதனால்தான். எங்கள் அம்மா அந்தத் தேர்தலின்போது களியக்காவிளை சாலையோரம் இடுப்பில் என் தங்கையோடு வெயிலில் காத்து நின்றதையும், வண்டியிலிருந்து எழுந்து கைகூப்பிய காமராசரின் சட்டைக்கை முழங்கைக்குக் கீழே தொளதொளவென்று ஆடியதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டு, 1971இல் திமுக – இந்திரா காங்கிரஸ் கூட்டணி 38 இடங்களை வாரிக்கொண்டபோதும், காமராசர் பக்கம் நின்ற ஸ்தாபன காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். காமராசர் 1975இல் மறையும்வரை எங்கள் உறுப்பினராகவே இருந்தார்.

1977இல் ஸ்தாபன காங்கிரஸ் அணியில் குமரி அனந்தன் சென்றார். மக்களவையில் தமிழில் பேசும் உரிமைக்காக அவர் வாதாடியதை எல்லோரும் அறிவர். பிறகு டென்னிஸ், 1980 முதல் 1998 வரை தொடர்ச்சியாக ஆறு முறை: நான்கு முறை காங்கிரசிலும், 1996, 1998 இரண்டு முறை தமிழ் மாநில காங்கிரசிலும். அதற்குப் பிறகான கதையில் எனக்கு அவ்வளவு உறுதியான விளக்கம் இல்லை. வேறு யாராவது தொடரட்டும்.

மறுமொழி 2 – தோவாளைக்காரன்

ஆசிரியர் ஐயா சொன்ன வரலாற்றில் பிழையில்லை. ஆனால் அது நான்கு தாலுகாக்களில் மேற்கே உள்ள இரண்டுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் வளர்ந்த என் தலைமுறைக்கு நேசமணி ஒரு சிலை. 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரம்தான் நினைவு. அதைத் தொடாமல் இந்தத் தொகுதியை விளக்க முடியாது என்று மரியாதையோடு சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. அதில் இந்துக்கள் ஏறத்தாழ 48.6 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.8 விழுக்காடு, மீதியில் பெரும்பகுதி முஸ்லிம்கள். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த நிலை கிடையாது. இரு பெரும் சமூகங்கள் ஏறக்குறையச் சமமாக வாழும் இடத்தில் ஒரு கலவரம் நடந்தால், அதன் வடு வாக்குப்பெட்டியில் விழாமல் இருக்காது. 1984 சட்டமன்றத் தேர்தலில் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியைச் சேர்ந்த பாலச்சந்திரன் சுயேச்சையாக வென்றார். 1957இல் காங்கிரஸ் உறுப்பினராக டெல்லிக்குச் சென்ற அதே தாணுலிங்க நாடார்தான் பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவரானார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் தொகுதியின் கிழக்குப் பக்கத்துப் பயணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1996இல் அதே பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் வென்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பாரதிய ஜனதாவின் முதல் உறுப்பினர் ஆனார்.

அதற்காக மதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் தவறாகிவிடும். கூட்டணிதான் இங்கே கடைசி முடிவைச் சொல்கிறது. 1999இல் பாரதிய ஜனதாவின் பொன். இராதாகிருஷ்ணன் முதன்முறை வென்றபோது திமுக அவருடைய கூட்டணியில் இருந்தது. 2004இல் திமுக அணி மாறியது. அந்த அணியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். ரப்பர்த் தோட்டங்கள், முந்திரி ஆலைகள், விளவங்கோட்டிலும் திருவட்டாற்றிலும் இருந்த தொழிற்சங்கங்கள் என்று இடதுசாரிகளுக்கு இங்கே நிலம் இருந்தது உண்மை. ஆனால் 2009இல் கூட்டணி உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி அதிமுக பக்கம் போனபோது, அந்த நிலம் மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. திமுகவின் ஹெலன் டேவிட்சன் 65,687 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இத்தனை ஆண்டுகளில் திமுக தன் சொந்தச் சின்னத்தில் இந்த மக்களவைத் தொகுதியை வென்றது அந்த ஒருமுறைதான். அதிமுக ஒருமுறைகூட வென்றதில்லை.

2014இல் காங்கிரஸ், திமுக, அதிமுக, இடதுசாரிகள் என்று எல்லோரும் தனித்தனியே நின்றார்கள். பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகளும் காங்கிரசின் எச். வசந்தகுமார் 2,44,244 வாக்குகளும் பெற்றனர். மாநிலத்தையே அள்ளிச் சென்ற அதிமுக இங்கே மூன்றாமிடம். 2019இல் காங்கிரசும் திமுகவும் சேர்ந்தன. பொன். இராதாகிருஷ்ணன் பெற்ற வாக்கு 3,67,302. முந்தைய தேர்தலைவிட ஐயாயிரத்துச் சொச்சம்தான் குறைவு என்பதைக் கவனியுங்கள். அவருடைய வாக்குகள் கலையவில்லை. எதிரே சிதறிக் கிடந்தவை ஒன்று சேர்ந்து வசந்தகுமாருக்கு 6,27,235 ஆனது. வித்தியாசம் 2,59,933. 2024இலும் அவருக்கு 3,66,341. பத்தாண்டுகளில் மூன்று பொதுத்தேர்தல்களிலும் ஒருவருடைய வாக்கு ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது. ஏற்ற இறக்கம் எல்லாம் எதிரணி எத்தனை துண்டாக நிற்கிறது என்பதில்தான். ஐயா சொல்லும் பழைய உணர்வு உண்மையென்றாலும், கடந்த கால் நூற்றாண்டுக்கு என் விளக்கம் இந்த எண்கள்தான்.

மறுமொழி 3 – தூத்தூர்க் கடற்கரை

இருவருடைய பதிவுகளையும் படித்தேன். இரண்டிலும் கடல் இல்லை. எங்கள் ஊர்களில், அதாவது தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி வரையுள்ள கடற்கரையில், வாக்களிப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஆண்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் போகும் படகு கரையிலிருந்து புறப்பட்டால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கொச்சியிலிருந்தோ குஜராத் பக்கமிருந்தோ தொழில் செய்பவர்கள் மாதக்கணக்கில்கூட வருவதில்லை. தேர்தல் தேதி அறிவித்தால் நாங்கள் முதலில் பார்ப்பது வேட்பாளரை அல்ல, அந்த நாளில் எத்தனை படகு கரையில் இருக்கும் என்பதைத்தான். வாக்குச்சாவடி பெரும்பாலும் பங்குப் பள்ளிக்கூடத்தில். வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். எங்கள் வீட்டில் ஐந்து வாக்குகள் இருந்தும், ஒரே தேர்தலில் ஐந்தும் விழுந்ததை நான் பார்த்ததில்லை.

தோவாளை நண்பர் 2019ஐக் கூட்டணிக் கணக்காகக் காட்டினார். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஊர்களில் இருந்த நிலையை அந்தக் கணக்கு சொல்லாது. போனவர்கள் எங்கே என்று தெரியாமல், ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசியை நடுவே வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் சித்தி மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. தேடுதல் விரைவாக நடக்கவில்லை என்ற கொதிப்பில் டிசம்பர் முதல் வாரம் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு இரவு வரை அங்கே இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்திருந்தது. கரை போய்விடும் என்ற அச்சம் ஏற்கெனவே இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் 2019இல் எங்கள் வரிசைகளை நீளமாக்கின. நாங்கள் யாருக்கு வாக்களித்தோம் என்பதைவிட, அன்று எத்தனை பேர் கடலுக்குப் போகாமல் நின்று வாக்களித்தோம் என்பது எனக்கு முக்கியம்.

சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு நியாயம் உண்டு, அதையும் மறுக்கவில்லை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்ததை வைத்துப் பொன். இராதாகிருஷ்ணனுக்கு வாக்களித்த கிறித்தவர்களையும் எனக்குத் தெரியும்.

திருப்பூரிலிருந்து வந்தவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே தொகுதியைப் பற்றிக் கேட்டேன், மூன்று தொகுதிகள் கிடைத்ததைப் போல் இருக்கிறது. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். நாகர்கோவில் சட்டமன்றத்துக்குப் பாரதிய ஜனதாவின் எம்.ஆர். காந்தியைத் தேர்ந்தெடுத்த அதே நாளில்தான் மக்களவைக்குக் காங்கிரசின் விஜய் வசந்த் தேர்வானார் என்று படித்தேன். ஒரே நாளில் மக்கள் இப்படிப் பிரித்து வாக்களிப்பார்களா?

விளவங்கோட்டு ஆசிரியர்

நடந்தது உண்மைதான், ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் காலமானதால், 2021 ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தலோடு மக்களவை இடைத்தேர்தலும் நடந்தது. நாகர்கோவிலில் எம்.ஆர். காந்தி 11,669 வாக்குகளில் வென்றார். காலில் செருப்பில்லாமல் நடக்கும் அந்த முதியவர் நீண்ட காலம் நின்று தோற்றவர். மக்களவையில் விஜய் வசந்த் 1,37,950 வாக்குகளில் வென்றார். ஆறு தொகுதிகளையும் கூட்டினால் மேற்கின் எடை கிழக்கை மூடிவிடும் என்பதால் இந்த முடிவுகளை வைத்து மட்டும் பிரித்து வாக்களித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வகையில் தோவாளை நண்பர் சுட்டிக்காட்டிய கிழக்கு–மேற்கு வேறுபாட்டை நான் ஏற்கிறேன். 2011 சட்டமன்றத் தேர்தலிலேயே இது தெளிவாகத் தெரிந்தது. மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வென்றது ஐந்தே இடங்கள். அவற்றில் மூன்று குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர். அதே தேர்தலில் கிழக்கே கன்னியாகுமரியும் நாகர்கோவிலும் அதிமுகவுக்குப் போயின. ஐந்தாண்டு கழித்து 2016இல் அதிமுக மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது, இந்த ஆறில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. திமுகவுக்கு மூன்று, காங்கிரசுக்கு மூன்று. 2024இல் விளவங்கோட்டின் காங்கிரஸ் உறுப்பினர் விஜயதரணி பாரதிய ஜனதாவில் சேர்ந்ததால் வந்த இடைத்தேர்தலில், எங்கள் தொகுதி தாரகை கத்பர்ட்டை 40,174 வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்துக் காங்கிரசிலேயே நின்றது. ஆள் மாறினாலும் எங்கள் பக்கம் கட்சி மாறவில்லை.

ஆனாலும் பிரித்து வாக்களிப்பவர்கள் இங்கே உண்டு என்பது என் அனுபவம். 1996இல் கல்குளம் தாலுகாவில் ஒரு மலையடிவாரப் பள்ளியில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. அன்றும் இரண்டு தேர்தல்கள் ஒன்றாக நடந்தன. மக்களவைக்கு வெள்ளைத்தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத்தாள். பத்மநாபபுரத்தில் வேலாயுதன் வென்றதும், டென்னிஸ் ஐந்தாம் முறை டெல்லி சென்றதும் அந்த ஒரே நாளின் வாக்குகளால்தான். பிற்பகலில் ஒரு பாட்டி வந்தார். ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்த விரலில் மை தெரியாதே என்று அலுவலர் துணியால் துடைத்துவிட்டு வைத்தார். இரண்டு தாள்களையும் கையில் வாங்கிக்கொண்டு அவர் நகரவில்லை. வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “மக்களே, இதுல டெல்லிக்குள்ளது எது, மெட்ராசுக்குள்ளது எது?” என்று கேட்டார். சொன்னேன். “மாறிப்போகப்பிடாது, அதுக்குத்தான்” என்று சொல்லி, வெள்ளையை வலக்கையிலும் சிவப்பை இடக்கையிலும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் போனார்.